கோழி மிதித்துச் சாகாத குஞ்சு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னியல் படித்த ஒருவன் கோழிக்குஞ்சைப் பற்றிப் பேசப் போகிறான் என்று அழைப்பிதழில் பார்த்துவிட்டு என் பேட்ச் நண்பர்கள் இரண்டு பேர் போன் செய்தார்கள். "என்னடா, வேலை போயிடுச்சா?" என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது. ஆனால் சில வருஷமாக எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு விஷயத்தைக் கவனித்து வருகிறேன். மகளிர் குழுவில் கடன் வாங்கியோ, வேலையை விட்டுவிட்டு வந்தோ, நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று பல பேர் இறங்குகிறார்கள். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வருகிறார்கள். ஒரே வாரத்தில் பாதிப் பெட்டி காலி. "நமக்கு ராசி இல்லை" என்று சொல்லிவிட்டு, கடனை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைங்க. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான். முதல் முறை வளர்ப்பவர் வீட்டில் முதல் இரண்டு வாரத்தில் சாகிற குஞ்சுகளில் பெரும்பகுதி, மருந்துக் கடையில் தீர்வு இல்லாத காரணங்களால் சாகிறது. சூடு, தண்ணீர், தரை. இந்த மூன்றும்தான் காரணம். மருந்து நாலாவது இடத்தில் வருகிறது. நாம் அதை முதல் இடத்தில் வைத்துவிடுகிறோம்.

முதலில் சூட்டை எடுத்துக்கொள்வோம். அது என் பாடம்.

முட்டைக்குள் குஞ்சு 21 நாள் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது. வெளியே வரும்போது அதன் எடை சுமார் 40 கிராம். வளர்ந்த கோழி 2 கிலோ என்று வையுங்கள். எடை 50 மடங்கு. ஆனால் உடம்பின் மேற்பரப்பு 50 மடங்கு ஆவதில்லை, சுமார் 14 மடங்குதான் ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கிராம் உடம்புக்குக் குஞ்சு கோழியைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலான பரப்பை வெளிக்காற்றுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே அடுப்பு சின்னது, வெளியே ஜன்னல் பெரியது. மேலே இருப்பதும் இறகு இல்லை, வெறும் பஞ்சு. அது நனைந்தால் அதுவும் போச்சு. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறமை குஞ்சுக்கு வர 10 முதல் 14 நாள் ஆகிறது. அதுவரை அதற்கு வெளியிலிருந்து சூடு வேண்டும்.

தாய்க்கோழி இருந்தால் கவலை இல்லை. இறக்கைக்கு அடியில் போய்ச் சூடு ஏற்றிக்கொள்ளும், போதும் என்றால் வெளியே ஓடி மேயும், குளிர்ந்தால் திரும்பி வரும். எவ்வளவு சூடு என்பதைக் கோழி தீர்மானிப்பதில்லை, குஞ்சே தீர்மானிக்கிறது. இதை மறக்காதீர்கள், புரூடர் என்ற சமாச்சாரத்தின் முழுத் தத்துவமும் இதற்குள்தான் இருக்கிறது. "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்று நம் ஊரில் கேட்பார்கள். சாகாது. ஆனால் கோழி இல்லாத இடத்தில் குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். அதை என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பெரியம்மா ஒரு குழுவில் இருக்கிறார்கள். ஒரு மார்கழியில் குழுக் கடனில் வீட்டுக்கு 50 குஞ்சு என்று வாங்கினார்கள். முதல் ராத்திரி கழிந்து காலையில் பார்த்தால் பெரியம்மா வீட்டில் 17 குஞ்சு செத்துக் கிடக்கிறது. எல்லாம் ஒரே மூலையில், ஒன்றன் மேல் ஒன்றாக. நான் அன்றைக்கு ஊரில் இருந்தேன். பெரியம்மா கேட்டார்கள்: "ஏன் கண்ணு, லைட்டு ராத்திரி பூரா எரிஞ்சுதே, வெளிச்சம் கண்ணைப் பறிக்குதே, அப்பறம் எதுக்கு இதுக இப்படி மூலையில போய் அப்பிக்கிச்சு?"

மேலே பார்த்தேன். தொங்கியது 9 வாட் எல்.இ.டி. பல்பு. அட்டையில் "60 வாட்டுக்கு இணை" என்று போட்டிருந்தது. பயிற்சி வகுப்பில் "60 வாட் பல்பு கட்டுங்க" என்று சொன்னார்கள், பெரியம்மாவும் கடையில் 60 வாட் என்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள். யார் மேலும் தப்பு இல்லை.

நமக்குத் தெரியும், அந்த "இணை" என்கிற வார்த்தை வெளிச்சத்துக்கு மட்டும் பொருந்தும். பழைய குண்டு பல்பு வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் வெளியே விடும். அதனால்தான் அதை வீண்செலவு என்று ஒதுக்கினோம். 2015-இல் உஜாலா திட்டம் வந்த பிறகு வீட்டுக்கு வீடு எல்.இ.டி. வந்தது. வெளிச்சத்துக்கு அது நல்ல காரியம். ஆனால் கோழிக்குஞ்சு பிழைப்பது நாம் வீண் என்று சொன்ன அந்தச் சூட்டில்தான். எல்.இ.டி.யில் இருப்பதே 9 வாட், அதில் வருகிற சூடும் பெரும்பாலும் பல்பின் கழுத்துப் பக்கமாக மேலே போய்விடும். கீழே இருக்கிற குஞ்சுக்கு வெளிச்சம் மட்டும்தான் மிச்சம்.

இரண்டு 60 வாட் குண்டு பல்பு தேடிப் பிடித்து, மேலே ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்துக் கட்டினோம். மூலை இல்லாதபடி அட்டையை வட்டமாக வளைத்து நிறுத்தினோம். அரை மணி நேரத்தில் சத்தம் அடங்கியது. குஞ்சுகள் பரவிப் படுத்தன. மிச்சம் இருந்த 33-இல் 29 பிழைத்து வளர்ந்தன. ஒரு சொட்டு மருந்து கொடுக்கவில்லை.

அளவு சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் குஞ்சு நிற்கிற உயரத்தில் 35 டிகிரி. ஒவ்வொரு வாரமும் 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுக்கு வெயில் காலத்தில் 1 வாட், குளிர் காலத்தில் 2 வாட் என்பது கிராமத்துக் கணக்கு. வட்டத் தடுப்பு ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரம். நாளாக ஆக வட்டத்தை அகலப்படுத்த வேண்டும். குஞ்சு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே பல்பைப் போட்டுத் தரையைச் சூடாக்கி வைக்க வேண்டும். மேலே காற்று சூடாக இருந்து தரை ஜில்லென்று இருந்தால் பிரயோஜனம் இல்லை, குஞ்சு நிற்பது தரையில்.

ஆனால் வெப்பமானியைவிட நல்ல கருவி ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. குஞ்சுதான் அது. பல்புக்கு நேர் கீழே அடைந்துகொண்டு கத்தினால், குளிர். பல்பை விட்டு விலகி ஓரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால், மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. நாலாபக்கமும் பரவி, கொஞ்சம் தின்று, கொஞ்சம் தூங்கி, மெல்லக் கீச்சிட்டுக்கொண்டிருந்தால், சரியாக இருக்கிறது. இதைப் பகலில் பார்த்தால் போதாது. ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவை எழுந்து பாருங்கள். முதல் மூன்று ராத்திரி இதைச் செய்தவர்கள் வீட்டில் எண்ணிக்கை குறையாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டி முழுவதும் ஒரே வெப்பம் வைக்க நம்மைப் போன்ற பொறியாளர்களுக்குக் கை துறுதுறுக்கும். தெர்மோஸ்டாட் வைத்து, விசிறி வைத்து, மூலைக்கு மூலை 35 டிகிரி என்று காட்டிவிட்டுப் பெருமைப்படுவோம். அது முட்டைக்குச் சரி, முட்டை நடக்காது. குஞ்சு நடக்கும். பல்புக்குக் கீழே சூடும், விலக விலகக் குளிர்ச்சியும் இருக்க வேண்டும். எங்கே நிற்பது என்று குஞ்சே முடிவு செய்யட்டும். தாய்க்கோழி கொடுப்பதும் அந்த வசதியைத்தான். சித்திரை வைகாசியில் நம் ஊரில் பகல் வெப்பமே போதும், பல்பை அணைத்துவிடலாம். அந்த மாதங்களில் சூட்டில் சாகிற குஞ்சும் உண்டு.

மின்வெட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மண்சட்டியில் கரித்தணல் வைப்பது பழைய வழக்கம். வையுங்கள், ஆனால் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு வைக்காதீர்கள். கரித்தணலிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கிற மனிதரையும் கொல்லும். பல்பையும் ஒயரை மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது, தனியாகக் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். கீழே இருப்பது உமியும் காகிதமும். அறுந்து விழுந்தால் தீதான்.

அடுத்தது தண்ணீர்.

பொரிக்கும் முன் கடைசியாகக் குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்து இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் தாங்கும். பஸ்ஸில் ராத்திரி முழுக்கப் பெட்டியில் வருகிற குஞ்சு உயிரோடு வருவது இதனால்தான். இந்த இருப்பை நம்பி "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடக் கூடாது. வந்தவுடன் முதலில் தண்ணீர், பிறகு தீனி. குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். முதல் தடவை கொஞ்சம் வெல்லம் கரைத்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு குஞ்சையும் எடுத்து மூக்கு நுனியைத் தண்ணீரில் ஒரு தடவை தொட்டுவிடுங்கள். நாலு குஞ்சு குடித்தால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே விழுந்து நனைந்து, குளிரில் செத்துப்போகும்.

எட்டுப் பத்து மணி நேரம் கழித்துக் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையாகவும் மெத்தென்றும் இருந்தால் தின்றிருக்கிறது, குடித்திருக்கிறது. கல் மாதிரி இருந்தால் தின்றது, குடிக்கவில்லை. காலியாக இருந்தால் அந்தக் குஞ்சைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவு இல்லை.

புதிதாக வளர்ப்பவர்களை மிகவும் பயமுறுத்துகிற ஒன்றும் இங்கேதான் வருகிறது. குஞ்சின் எச்சம் ஆசனவாயில் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் கழிக்க முடியாமல் செத்துப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊறவைத்து, மெதுவாகத் துடைத்தெடுத்து, துவட்டிச் சூட்டில் விடுங்கள். பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். ஒரு எச்சரிக்கை: வயிற்றில் சற்றுக் கீழே தொப்புள் இருக்கிறது, அதில் சின்னப் பொருக்கு இருக்கும். அதையும் எச்சம் என்று நினைத்துப் பிய்த்துவிடுகிறார்கள். அதைத் தொடக்கூடாது. ஒன்றிரண்டு குஞ்சுக்கு எச்சம் ஒட்டினால் துடைத்துவிடலாம். பத்துக் குஞ்சுக்கு ஒட்டினால், குளிரோ, சூடோ, தண்ணீர்ப் பற்றாக்குறையோ இருக்கிறது என்று அர்த்தம். துடைப்பதோடு நிறுத்தாமல் காரணத்தைத் தேடுங்கள்.

மூன்றாவது, தரை.

வழவழப்பான செய்தித்தாளை மட்டும் விரித்து விட்டால் குஞ்சின் கால் இரண்டு பக்கமும் வழுக்கி விரிந்துபோகும். பிறவி ஊனம் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். பல குஞ்சுகளுக்கு அது தரை செய்த ஊனம். சாக்கு, சொரசொரப்பான அட்டை, இப்படி எதையாவது மேலே விரியுங்கள். ஆரம்பத்திலேயே கவனித்து, இரண்டு காலையும் மெல்லிய துணிப்பட்டையால் இடைவெளி விட்டு இணைத்துக் கட்டினால் சில நாளில் சரியாகிவிடுவதும் உண்டு.

கீழே உமியோ தேங்காய் நார்க் கழிவோ இரண்டு அங்குலம் போடுங்கள். அது காய்ந்திருக்க வேண்டும், பூசணம் பிடித்திருக்கக் கூடாது. பூசணம் பிடித்த கூளத்திலிருந்து வருகிற வித்துகளை மூச்சில் இழுத்தால் குஞ்சின் நுரையீரலில் காளான் வளரும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், சளிச் சத்தம் பெரிதாகக் கேட்காது. இந்த நோய்க்கு எளிய வைத்தியம் இல்லை. கூளத்தை மாற்றுவதுதான் வழி.

ஈரமான கூளம் இன்னொரு கதை. மூன்றாவது வாரத்திலிருந்து ரத்தக் கழிச்சல் என்று ஒன்று வரும். எய்மீரியா என்ற ஒட்டுண்ணி குடலைத் தாக்குவதால் வருவது. எச்சத்தோடு வெளியே வருகிற அதன் முட்டை உடனே தொற்றாது. ஈரமும் கதகதப்பும் காற்றும் கிடைத்து ஓரிரு நாள் பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும். ஈரத்தை எடுத்துவிட்டால் அதன் வளர்ச்சியை அறுத்துவிட்டோம். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தைத் தினமும் அள்ளி எறிவது, ஆயிரம் ரூபாய் மருந்துக்குச் சமம். ஒரு கைப்பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். உதிர்ந்தால் சரி. அதையும் மீறி ரத்தம் தென்பட்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது, நேரத்தோடு கொடுத்தால் கேட்கும்.

நெடி விஷயத்திலும் ஒரு வார்த்தை. அம்மோனியா நம் மூக்குக்கு எட்டுகிற உயரத்தில் குஞ்சு இல்லை. கொட்டகையில் நின்று "நாத்தம் இல்லையே" என்று சொல்லாதீர்கள். முட்டிபோட்டு, குஞ்சு இருக்கிற உயரத்துக்குக் குனிந்து, ஒரு நிமிஷம் மூச்சு விடுங்கள். கண் எரிந்தால், குஞ்சுக்கு இருபத்துநாலு மணி நேரமும் எரிகிறது என்று பொருள். சூடு போய்விடுமே என்று நாலாபக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதன் விளைவு இது. கீழே காற்று அடிக்கக் கூடாது, மேலே காற்று வெளியேற வழி இருக்க வேண்டும்.

தீனியைப் பற்றி ஒரு சரித்திரம் சொல்கிறேன். நம் வீடுகளில் குஞ்சு என்றால் உடனே குருணை அரிசியைத் தூவுவோம். 1890-களில் இன்றைய இந்தோனேசியாவின் பட்டேவியாவில், அதாவது இப்போதைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் ஆராய்ச்சிக்கு வைத்திருந்த கோழிகளுக்குக் கால் தள்ளாடியது. கிருமி என்று தேடினார். கடைசியில் தெரிந்தது, அவை தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தன. தவிட்டோடு இருக்கிற அரிசிக்கு மாற்றியதும் தேறிவிட்டன. அந்த வழியில் தொடங்கிய ஆராய்ச்சிதான் பி1 வைட்டமினில் போய் முடிந்தது. 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உலகத்துக்கே வைட்டமின் பாடம் சொன்னது ஒரு கோழிக் கூட்டம், நாமோ இன்றைக்கும் குஞ்சுக்கு வெள்ளைக் குருணையை மட்டும் போட்டுவிட்டு, "கால் ஏன் மடங்குது?" என்று கேட்கிறோம். முதல் சில வாரம் குஞ்சுத் தீவனம்தான் கொடுக்க வேண்டும். அதில் புரதமும் வைட்டமின்களும் கணக்காகச் சேர்த்திருக்கும். குருணை வேண்டுமானால் பிறகு, மேலோட்டமாக.

தீவனத்தில் பூசணம் என்றால் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று செத்தன. என்ன நோய் என்றே தெரியாமல் "வான்கோழி எக்ஸ் நோய்" என்று பேர் வைத்தார்கள். தோண்டிப் பார்த்தால் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம். அந்தப் பூசணம் சுரந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பேர் வந்தது. நம் வீட்டில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தையும், கறுத்துப்போன புண்ணாக்கையும் "மனுஷன் திங்க முடியாது, கோழிக்குப் போடு" என்கிறோம். அதற்கு முன் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தும் நோய் வராதா? வரும். நம் கையில் இல்லாதவையும் உண்டு. தொப்புள் மூடாத குஞ்சுக்குள் கிருமி புகுந்து, வயிறு வீங்கி, நாற்றமடித்து முதல் வாரத்திலேயே போய்விடும். அது பொரிப்பகத்தின் சுத்தம் சம்பந்தப்பட்டது. ஆகவே வாங்கும்போதே தொப்புளைப் பாருங்கள். மூடிக் காய்ந்திருக்க வேண்டும். கண் பளிச்சென்று இருக்க வேண்டும். மல்லாக்கப் போட்டால் சட்டென்று எழுந்து நிற்க வேண்டும்.

நம் ஊரில் "வெள்ளைக் கழிச்சல்" என்ற ஒரே பேரை வைத்துக்கொண்டு குழம்புகிறோம். தாயிடமிருந்து முட்டை வழியாகவே வருகிற சால்மோனெல்லாக் கிருமி சின்னக் குஞ்சுக்கு வெள்ளையாகக் கழிய வைக்கும், அது ஒன்று. ராணிக்கெட் என்று மலை ஊரின் பெயர் வைத்த வைரஸ் நோயையும் கிராமத்தில் வெள்ளைக் கழிச்சல் என்றுதான் சொல்கிறார்கள், அது வேறு. ராணிக்கெட் வந்த பிறகு அதைக் குணமாக்க மருந்து கிடையாது. வராமல் தடுக்கத் தடுப்பு மருந்து இருக்கிறது. முதல் வாரத்தில், 5 முதல் 7 நாளுக்குள், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இரண்டாவது வாரத்தில் கம்போரோ நோய்க்கு. பிறகு நாலாவது வாரத்தை ஒட்டி ராணிக்கெட்டுக்கு மறுபடி. உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் சொல்கிற அட்டவணைதான் முடிவானது. தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் சட்டைப்பையில் போட்டு பைக்கில் கொண்டுவந்தால், கண்ணில் விடுவது வெறும் தண்ணீர்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். குஞ்சு வந்த முதல் மூன்று நாள், நோய் இருக்கிறதோ இல்லையோ, தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்துவிடுகிறார்கள். குளிரில் சாகிற குஞ்சுக்கு அது உதவாது. கிருமிகள் மட்டும் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அதே கிருமி நாளைக்கு நம் வீட்டுக் குழந்தைக்கு வரும்போது மருந்து கேட்காது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க 2019-இல் மத்திய அரசு தடை போட்டது இதனால்தான். மருத்துவர் எழுதாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம். அதேபோல, குழந்தைகள் குஞ்சை முகத்தில் வைத்துக் கொஞ்சுவதைத் தடுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். குஞ்சு பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கலாம்.

இப்போது நம் தொழிலுக்கு வருகிறேன். இயந்திரம் பழுதானால் நாம் முதலில் என்ன கேட்போம்? "எப்போ நின்னுது?" என்று கேட்போம். குஞ்சுக்கும் அதே கேள்விதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் எத்தனை இறந்தது, எங்கே கிடந்தது, ராத்திரியா பகலா, இவ்வளவு எழுதினால் போதும். முதல் மூன்று நாள் சாவு என்றால், பயணம், குளிர் அல்லது பொரிப்பகம். நாலாவது ஐந்தாவது நாளில் திடீரென்று கூடினால், மஞ்சள் கரு இருப்பு தீர்ந்துவிட்டது, தின்னவும் குடிக்கவும் கற்காத குஞ்சுகள் பட்டினியில் போகின்றன. மூன்றாவது வாரத்தை ஒட்டி ரத்தத்தோடு போனால், கூளத்தின் ஈரம். சுவரோரமாகக் குவிந்து கிடந்தால், குளிர் அல்லது பயம். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும், அப்போதே இறந்த ஒரு குஞ்சையும் கொண்டுபோங்கள். "ஏதோ சீக்குங்க" என்று சொல்வதைவிட அவருக்கு நூறு மடங்கு உபயோகம்.

எல்லாக் குஞ்சையும் காப்பாற்ற முடியாது. நல்ல பராமரிப்பிலும் ஒன்றிரண்டு போகும். அது இயற்கை. ஐம்பதில் இரண்டு போனால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஐம்பதில் பதினேழு போனால் தேற்றிக்கொள்ளக் கூடாது, காரணம் கேட்க வேண்டும். "ராசி இல்லை" என்ற வார்த்தையிடம் எனக்குக் கோபமே அதனால்தான். அது கேள்வியை நிறுத்திவிடுகிறது. ஒரு குடும்பத்தலைவி கடன் வாங்கி ஆரம்பித்த முதல் முயற்சியைத் தன் தலையெழுத்து என்று நினைத்து மூடிவிட வைக்கிறது. காரணம் கடையில் வாங்கிய ஒரு பல்பாக இருந்தாலும்கூட.

இங்கே படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி வருஷப் பிராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். ராத்திரி கரண்ட் போனால் மணி அடித்து எழுப்புகிற, பல்பு பியூஸ் ஆனால் சொல்கிற, கிராமத்தில் ரிப்பேர் செய்யக்கூடிய, விலை குறைந்த ஒரு புரூடர் பெட்டி செய்யுங்கள். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, நடுவில் குஞ்சுக்குச் சுதந்திரம். செய்து முடித்து ஆய்வுக்கூட அலமாரியில் வைத்துவிடாமல், பக்கத்துக் கிராமத்துக் குழு ஒன்றில் ஒரு பேட்ச் குஞ்சு வளர்த்துக் காட்டுங்கள். அதற்கான உதிரிப் பாகச் செலவை என்னைப் போன்ற பழைய மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால் கொடுத்துவிடலாம். சங்கப் பொறுப்பாளர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

 மெஸ்ஸிலிருந்து குழம்பு வாசனை வருகிறது, இதற்கு மேல் உங்களை நிறுத்தி வைத்தால் நல்லதில்லை.